தொடைச்சந்தில் மடங்குங்கள்: புட்டத் தசைக்கும் காலுக்கும் எடைப் பயிற்சி

தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று இடங்கள் அடங்கிவிடுகின்றன. சேலை சொருகும் இடமும் இடுப்பு, குனிந்து பெருக்கினால் பிடித்துக்கொள்ளும் அடிமுதுகும் இடுப்பு, தொடை எலும்பு போய்ப் பொருந்தும் மூட்டும் இடுப்பு. ஜிம்மில் டிரெய்னர் "இடுப்பை மடக்குங்க" என்றதும் பாதிப் பேர் சேலை சொருகும் இடத்தில் மடங்குகிறார்கள். எடை முழுக்க அடிமுதுகுக்குப் போகிறது. மறுநாள் இடுப்பு வலி. புட்டத் தசைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மடங்க வேண்டிய இடம் தொடைச்சந்து, அதாவது சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே விழும் மடிப்பு. இரண்டு உள்ளங்கைகளின் சுண்டுவிரல் விளிம்பையும் அந்த மடிப்பில் வைத்துப் பின்னோக்கி அழுத்துங்கள். கைகள் மடிப்புக்குள் சிக்கிக்கொள்கிற மாதிரி புட்டம் பின்னால் போனால் மூட்டு மடங்குகிறது. கை வெளியிலேயே நிற்க, தொப்புள் மட்டும் உள்ளே சுருண்டால் முதுகு மடங்குகிறது.

இதை முதலில் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புட்டத்தின் பெரிய தசைதான் உடம்பிலேயே பெரிய தசை. மடங்கிய தொடையைப் பின்னுக்கு இழுத்து உடம்பை நிமிர்த்துவது அதன் முதல் வேலை. மூட்டு மடங்கினால்தான் அது நீளும், நீண்டால்தான் இழுக்க ஏதாவது இருக்கும்.

கம்பும் சுவரும்

ஒட்டடைக் கம்பையோ மாப் கம்பையோ முதுகோடு நேராகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றது அடிமுதுகுக்குப் பின்னால். பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வாலெலும்பு ஆகிய மூன்றும் கம்பில் ஒட்டியிருக்க வேண்டும். அடிமுதுகுக்கும் கம்புக்கும் நடுவே ஓர் உள்ளங்கை நுழையும் இடைவெளி இருக்கும், அது இயல்பு. முட்டியை லேசாகத் தளர்த்தி, இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்புறத்தால் கதவைச் சாத்துவோமே, அப்படித் தள்ளிக்கொண்டே குனியுங்கள். வாலெலும்பு கம்பை விட்டு விலகினால் முதுகு வளைகிறது. பின்மண்டை விலகினால் தலை தொங்குகிறது.

கம்பு ஒட்டியே இருந்தால் சுவருக்கு வாருங்கள். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, புட்டத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிருங்கள். 10 தடவை. பிறகு இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்து மறுபடி. பின்தொடை இழுபட்டு, முதுகை வளைக்காமல் சுவரை எட்டவே முடியாத ஓர் இடம் வரும். அதுதான் இப்போதைக்கு உங்கள் எல்லை. எடையோடு குனியும்போதும் அங்கேதான் நிற்க வேண்டும். எடையைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் ஒரு வாரம் தினமும் செய்தால் போதும்.

ஹிப் திரஸ்ட்

பெஞ்சில் முதுகைச் சாய்த்து, ராடை (இரு முனையிலும் எடைத் தட்டுகள், அதாவது பிளேட்கள் மாட்டும் இரும்புக் கம்பியை) தொடைச்சந்தில் வைத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி. அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் கான்ட்ரெராஸ் பரப்பியது. முட்டி மடங்கியே இருப்பதால் பின்தொடைத் தசை சுருங்கிப்போய் அதிகம் உதவ முடியாது, பாரம் புட்டத்துக்கே வருகிறது. ஆனால் தூக்குவதைவிட அமைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

பெஞ்சின் உயரம் முதல் சிக்கல். 14 முதல் 16 அங்குலம் வசதி. நம் ஜிம் பெஞ்சுகள் பல 17, 18 அங்குலம் இருக்கும். ஐந்தடிக்குச் சற்று மேல் உயரமுள்ளவர் அதில் சாய்ந்தால் புட்டம் தரையிலிருந்து எழும்பித் தொங்கும், முதுகு வளையும். கால்களுக்குக் கீழே 20 கிலோ ரப்பர் பிளேட்டைப் படுக்கப் போட்டு அதன்மேல் பாதங்களை வைத்தால் கணக்கு சரியாகிவிடும். பெஞ்சின் மறுபக்கம் சுவரில் முட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் நான்காவது தடவையில் பெஞ்ச் பின்னால் நழுவும், 60 கிலோ மடியில் இருக்கும்போது அது வேடிக்கையாக இருக்காது.

சாயும் இடம் தோள்பட்டை எலும்பின் கீழ் நுனி. பெண்களுக்குச் சொன்னால், பிராவின் பட்டி வரும் இடம். கழுத்தருகே சாய்ந்தால் மேலே போகப் போக உடம்பு பெஞ்சிலிருந்து வழுக்கிக் கீழே வரும்.

ராடு வெறுமனே 20 கிலோ. சில ஜிம்களில் 15 கிலோ ராடும் உண்டு, 5 அடிச் சாதா ராடு 7 முதல் 10 கிலோவுக்குள் நிற்கும். எதை எடுக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எழுதிவைக்கும் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. பெரிய ரப்பர் பிளேட் 45 செ.மீ. விட்டம் என்பதால் ராடைக் கால்மேல் உருட்டிக்கொண்டு வரலாம். சின்ன இரும்பு பிளேட் போட்டால் ராடு தொடையில் இடித்து நின்றுவிடும். அப்போது ராடின் இரு முனையையும் கட்டைமேலோ அடுக்கிய பிளேட்கள்மேலோ ஏற்றிவைத்து அடியில் நுழைந்துகொள்ளலாம், அல்லது இருபுறமும் ஆளுக்கு ஒரு கை கேட்கலாம். ராடுக்கும் எலும்புக்கும் நடுவே தடித்த பஞ்சு உறை. அது இல்லாத இடத்தில் யோகா பாயை நான்காக மடித்துச் சுற்றுங்கள். இங்கே வலி பொறுத்துக்கொண்டால் புண்ணியம் எதுவும் இல்லை, நீலம் பூக்கும், அவ்வளவுதான்.

பாதங்கள் தோள் அகலம், விரல்கள் சற்று வெளியே. மேலே போய் நிற்கும்போது முட்டிக்குக் கீழ் உள்ள கால் தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். முதலில் எடையில்லாமல் மேலே போய்ப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், பாதத்தை எங்கே வைப்பது என்பது அதிலேயே முடிவாகிவிடும்.

இனித் தூக்குவது. மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குங்கள், யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்பதுபோல. தாடையைக் கழுத்துப் பக்கம் இழுத்து, பார்வை முன்சுவரில். குதிகாலால் தரையைத் தள்ளி எழும்புங்கள். தோள், தொடைச்சந்து, முட்டி மூன்றும் ஒரே மட்டத்தில் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, மூச்சை விட்டு, இரண்டு நொடியில் இறங்குங்கள். தலையைப் பின்னால் தொங்கப்போட்டு விட்டத்தைப் பார்க்காதீர்கள். தலை போனால் விலா எழும்பும், விலா எழும்பினால் அடிமுதுகு வில்லாக வளையும், பார்ப்பதற்கு இடுப்பு உயரம் போனதுபோல் இருக்கும்.

எங்கே உறைக்கிறது என்பதை வைத்துத் தவறைக் கண்டுபிடிக்கலாம். பின்தொடையில் பிடித்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது, நான்கு விரற்கடை உள்ளே கொண்டுவாருங்கள். முன்தொடையில் எரிந்து குதிகாலும் எழும்பினால் பாதம் கிட்டத்தில் இருக்கிறது. அடிமுதுகில் என்றால் விலா எழும்புகிறது, அல்லது மேலே தேவைக்குமேல் போகிறீர்கள், அல்லது எடை அதிகம். முட்டிகள் உள்ளே சாய்ந்தால் முட்டிக்கு மேலே ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதை வெளியே தள்ளியபடி செய்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஜிம் நடுவில் இதைச் செய்யக் கூச்சம் என்பது பல பெண்கள் சொல்வது. பெஞ்சை மூலையில் போட்டுச் சுவரைப் பார்த்துச் செய்யலாம், ஸ்மித் மெஷின் (ராடு இரண்டு கம்பங்களில் மேலும் கீழும் மட்டும் ஓடும் கருவி) காலியாக இருந்தால் இன்னும் எளிது, ராடு உருளாது. கூச்சத்துக்காக இதை விட்டுவிட்டு, ரப்பர் பேண்ட் மாட்டிக் காலை ஐம்பது தடவை பின்னால் உதைப்பது வேண்டாத பேரம்.

வீட்டில் செய்பவர்களுக்கு: சுவரோடு ஒட்டிய சோபா, மடியில் மடித்த போர்வை, அதன்மேல் 25 கிலோ அரிசி மூட்டை. 20 லிட்டர் தண்ணீர் கேன் வேண்டாம். எடை போதும், ஆனால் உருளும். 25 கிலோ எளிதாகிவிட்டால் ஒற்றைக்காலில் செய்யுங்கள். மூட்டையைக்கூட எடுத்துவிட வேண்டியிருக்கும்.

ஆர்.டி.எல்.

ருமேனியன் டெட்லிஃப்ட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் தங்கம் வென்ற ருமேனியர் நிகு விளாட் செய்துகாட்டியதால் இந்தப் பெயர். கம்பு வைத்துப் பழகியதே இது, கையில் எடை சேர்கிறது, வேறொன்றும் இல்லை.

ராடைத் தரையிலிருந்து எடுக்காமல் தொடை உயரத்தில் ரேக்கில் (ராடைத் தாங்கும் ஸ்டாண்டில்) வைத்து எடுங்கள். பாதங்கள் இடுப்பு அகலம். முட்டி லேசாகத் தளர்ந்து, அந்தக் கோணத்திலேயே கடைசிவரை நிற்கும். புட்டம் பின்னால் போகப் போக ராடு தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். மூன்று நொடி. ராடு காலைவிட்டு ஒரு சாண் விலகினாலே அடிமுதுகின் பாரம் கூடும், எடையை மாற்றாமலேயே. பலருக்கு முட்டிக்குக் கீழே நான்கு விரற்கடையில் புட்டம் பின்னால் போவது நின்றுவிடும். அங்கேயே திரும்புங்கள். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு அங்குலமும் முதுகை வளைத்துக் கடன் வாங்கியது.

முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்துவது பெரிய வழக்கம். கண் தரையில் ஐந்தடி தள்ளி இருக்கட்டும். சரிபார்க்க வேண்டுமென்றால் செல்போனைப் பக்கவாட்டில் தொடை உயரத்தில் சாய்த்து வைத்து ஒரு செட்டை, அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றை, படம் பிடியுங்கள்.

இன்னொன்று, புட்டம் சோர்வதற்கு முன் விரல் பிடி விட்டுப்போகும். உள்ளங்கையில் சாக் பொடி தடவுங்கள், அதுவும் போதாதபோது ஸ்ட்ராப் (மணிக்கட்டிலிருந்து ராடில் சுற்றிக்கொள்ளும் பட்டை). "ஸ்ட்ராப் போட்டால் கை வலுப்பெறாது" என்று யாராவது சொன்னால், இன்று கைக்கு நாள் இல்லை என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ஸ்குவாட், அதாவது நம்ம பஸ்கி

பழைய பஸ்கியில் குதிகால் எழும்பும், கை வீசும், எண்ணிக்கை நூறு இருநூறு என்று போகும். மூச்சுக்கும் முன்தொடைக்கும் நல்லது. ஆனால் எடை கூடாமல் எண்ணிக்கை மட்டும் கூடினால் சில மாதத்தில் தசை வளர்வது நின்றுவிடும். ஒரு செட்டில் 30 தடவைக்கு மேல் போக முடிகிற எதுவும் வளர்ச்சிக்குப் போதாத எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு டம்பிள்ஸை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் தொடங்குங்கள். 8 அல்லது 10 கிலோ போதும். பாதங்கள் தோளைவிடச் சற்று அகலம். முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போகட்டும். முழங்கைகள் முட்டிகளுக்கு நடுவே இறங்கும் அளவுக்கு ஆழம் போங்கள். 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் 10 வாரம் முழு ஆழம் இறங்கியவர்களின் புட்டத் தசை, பாதியிலேயே எழுந்தவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்தது. முன்தொடை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பாதி ஸ்குவாட்டில் கூடுதல் எடை போட முடிகிறது என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தரையில் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஆழம் தானாக வரும். நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குக் கணுக்கால் இறுகிக் குதிகால் எழும்பும். குதிகாலுக்குக் கீழே 2.5 கிலோ பிளேட் ஒன்று வைத்தால் உடனே தெரியும் வித்தியாசம். ஓட்டத்துக்கான தடித்த, மெத்து மெத்தென்ற ஷூ இதற்கு ஆகாது. தட்டையான அடிப்பகுதி உள்ள ஷூ, அல்லது ஜிம்மில் அனுமதித்தால் வெறும் கால்.

24 கிலோ டம்பிள்ஸ் அணைக்க முடியாமல் போகும்போது ராடுக்கு மாறுங்கள். ரேக்கில் பாதுகாப்புக் கம்பிகளை உங்கள் கடைசி ஆழத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வைத்துவிட்டுத்தான் முதல் செட்.

ஹிப் திரஸ்ட்டா ஸ்குவாட்டா என்று சண்டை போடுவார்கள். 2023இல் வந்த ஓர் ஆய்வில் பழக்கமில்லாதவர்கள் 9 வாரம் ஒன்றை மட்டும் செய்தபோது புட்டம் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வளர்ந்தது, தொடை மட்டும் ஸ்குவாட்டில் கூடுதல். ஸ்குவாட் புட்டத்தை நீண்ட நிலையில் வேலைவாங்குகிறது, ஹிப் திரஸ்ட் சுருங்கிய நிலையில். இரண்டையும் செய்யுங்கள், சண்டையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஒற்றைக்கால்

பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்: பின்காலின் மேற்பாதத்தைப் பெஞ்சில் வைத்து முன்காலால் இறங்கி எழுவது. யாருக்கும் பிடிக்காது, ஆனால் சின்ன டம்பிள்ஸ் மட்டும் உள்ள இடத்தில் இதைவிடப் பயனுள்ளது இல்லை. முன்பாதத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி: பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். குதிகால் தொடும் இடம்தான் பாதத்தின் இடம். உடம்பை நேராக நிறுத்தினால் முன்தொடை, தொடைச்சந்தில் மடங்கிச் சற்று முன்னால் சாய்ந்தால் புட்டம். பலவீனமான காலில் தொடங்குங்கள், அது செய்த எண்ணிக்கையையே மற்றக் காலும் செய்யட்டும்.

ஸ்டெப் அப், அதாவது பெட்டிமேல் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது: பெட்டி முட்டி உயரத்தைத் தாண்ட வேண்டாம். கீழே நிற்கும் கால் குதித்து உதவாமல் இருக்க, அதன் விரல்களை மேலே தூக்கிக்கொண்டே ஏறுங்கள். ஏமாற்ற முடியாது.

புட்டத்தின் பக்கவாட்டில் உள்ள நடுத்தசை, ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு ஒருபக்கம் தொங்காமல் பிடித்துவைப்பது. மேலே சொன்ன இரண்டிலுமே அதற்கு நிறைய வேலை. கூடுதலாக வேண்டுமென்றால் ஒருக்களித்துப் படுத்து, குதிகால் முன்னே நகராமல் சுவரில் உரசியபடி மேல்காலைத் தூக்குங்கள், 15 தடவை.

வாரக் கணக்கு

நாள் 1: ஹிப் திரஸ்ட் 3 செட், 8 முதல் 12 தடவை. ஸ்குவாட் 3 செட், 8 முதல் 12. ஆடுசதைக்குக் குதிகால் உயர்த்தல் 2 செட், 12 முதல் 15.

நாள் 2, இரண்டு நாள் இடைவெளி விட்டு: ஆர்.டி.எல். 3 செட், 8 முதல் 10. ஸ்பிளிட் ஸ்குவாட் ஒரு காலுக்கு 2 செட், 10. பக்கவாட்டுக் கால் தூக்கல் 2 செட்.

மூன்றாவது நாள் கிடைத்தால் குறைந்த எடையில் ஹிப் திரஸ்ட் 2 செட், 15 தடவை. அதோடு ஸ்டெப் அப் 2 செட். புட்டத்துக்கு வாரம் 10 முதல் 15 செட் என்றால் ஓராண்டு வரை வேறு எதுவும் தேட வேண்டியதில்லை. பெரிய பயிற்சிகளுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம் ஓய்வு. வியர்வை காய்ந்துவிடுமே என்று 40 நொடியில் அடுத்த செட்டுக்குப் போனால் மூச்சுதான் முதலில் தீரும், தசை பாதி வேலையில் நிற்கும்.

வேலை செட் (உடம்பைச் சூடாக்கிய பிறகு முழு எடையில் செய்யும் செட்) 60 கிலோ என்றால் நேராக 60இல் இறங்காதீர்கள். வெறும் ராடில் 10, 40 கிலோவில் 5, 50 கிலோவில் 3, பிறகு 60. ஒவ்வொரு வேலை செட்டையும் இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். கடைசி இரண்டு தடவை தானாக மெதுவாகிவிடும். மெதுவாகவே இல்லையென்றால் எடை குறைவு. பெண்கள் வந்ததும் 2 கிலோ டம்பிள்ஸை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கைப்பை அதைவிடக் கனம்.

மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடை ஏற்றுங்கள், 8க்குத் திரும்பி வாருங்கள். ஜிம்மில் இருக்கும் மிகச் சின்ன பிளேட் பெரும்பாலும் 2.5 கிலோ. இரு பக்கமும் போட்டால் 5 கிலோ. 60இலிருந்து 65 சின்னப் படி, 20இலிருந்து 25 கால்பங்கு உயர்வு. ஆகவே தொடக்கத்தில் 12க்குப் பதில் 15 வந்த பிறகு ஏற்றுங்கள். தேதி, எடை, தடவை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். போன வாரம் என்ன தூக்கினோம் என்று ஞாபகத்தை நம்புபவர்கள் ஆறு மாதமாக அதே 30 கிலோவில் இருப்பார்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் எடை வேகமாக ஏறும். அது பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. கண்ணாடியில் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இந்தப் பயிற்சி புட்டத்திலோ தொடையிலோ உள்ள கொழுப்பைத் தனியாகக் கரைக்காது.

சாப்பாட்டில் ஒரே கணக்கு: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை ஒன்றுக்கு 6, பனீர் 100 கிராமில் 18, சமைக்காத கொண்டைக்கடலை 100 கிராமில் 19, சோயா சங்க்ஸ் 100 கிராமில் 52, கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் 23 வாக்கில். நாலு இட்லியும் சாம்பாரும் 12ஐத் தாண்டாது, ஆகவே காலையிலேயே இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேராவிட்டால் ராத்திரிக்குள் கணக்கு எட்டாது.

வலி

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் புட்டமும் கனத்து வலிப்பது சாதாரணம், மூன்று நாளில் அடங்கும். தூக்கும்போதே சுரீர் என்று குத்தினாலோ, வலி புட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே ஓடினாலோ, கால் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். டிஸ்க் தொந்தரவு, குடலிறக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பம் இருப்பவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, எழும்பும்போதே விட வேண்டும்.

காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட எடையிலேயே தொடரலாம். ஒரு மாதம் விட்டவர்கள் பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடம் வந்துவிடும். முதல் நாளே பழைய எடையில் மூன்று செட் ஸ்குவாட் போட்டவர்களுக்கு, அடுத்த இரண்டு நாள் இந்தியன் டாய்லெட்டிலிருந்து எழுந்திருப்பதே தனிப் பயிற்சி.